பொய்வழி

ஆகஸ்ட் 4, திங்கள்

கேம் பிழைத்துவிட்டது. பணம் போட ஆள் கிடைத்துவிட்டது என்று ரகு சார் காலையில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். இனி யாரும் வேறு வேலை தேட வேண்டாம். பெனாசிர் சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளியே விட்டாள். அவள்தான் எதிரிப் படை எப்படி யோசிக்கும் என்று எழுதுகிறவள். நான் மலையைக் கட்டுகிறவள். இருவரும் சரவணம்பட்டியில் ஒரே அறையில்தான் இருக்கிறோம். சாயங்காலம் அவள் பிரியாணி வாங்கி வந்தாள்.

எங்கள் கேமில் ஒரு மலைநாடு இருக்கிறது. கடல் தாண்டி வந்த சங்கிலிக்காரர்கள் அதைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அவர்களிடம் துப்பாக்கி உண்டு. அதைவிடப் பொல்லாதது நிலம் அளக்க அவர்கள் கொண்டுவரும் சங்கிலி. அது பட்ட சுனை ஊமையாகிவிடும். அளந்து முடித்த காட்டுக்குத் தன் ஜனங்களின் முகம் மறந்துபோகும். ஆடுகிறவர் நாச்சி என்ற பெண்ணாக மாறி, சுனைகளோடு பேசி, கரடிக்குலத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அவர்களை எதிர்க்க வேண்டும்.

அந்த மலை எங்கள் கூகைமலைதான். ஞாபகத்தில் இருந்தே பாதிக்குமேல் கட்டிவிட்டேன். முதலீட்டுக்காரர்கள் சார்பில் வந்திருந்த கிருபாகரன் சார் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜ மலைதானுங்களே மேடம் இது?"

"ஆமா சார். எங்க ஊரு."

"அப்ப முழுசா நிஜமாவே இருக்கட்டும். ஒவ்வொரு வழியும். நாளைக்கு ஆடுறவன் ஒருத்தன் அங்க போய் நின்னா, 'அட, அதே பாறை'ன்னு சொல்லணும்."

இத்தனை நாளில் எங்கள் மலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஆகஸ்ட் 9, சனி

ஊருக்கு வந்துவிட்டேன். அடிவாரத்தில் இருந்து மாதேசண்ணன் ஜீப். மலைக்கு இருப்பது அந்த ஒரு ஜீப்தான். பிரசவத்துக்குப் போகிறவர்கள், பலாப்பழம், ரேஷன் அரிசி எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். என் பையில் இருந்த ட்ரோனைப் பார்த்து, "என்னா அலமேலு, கல்யாணத்துக்குப் படம் புடிக்கிற வேலையா?" என்று சிரித்தார்.

மதியம் அம்மா கேழ்வரகுக் களி கிண்டினாள். சாப்பிட்டுவிட்டு சடையண்ணனோடு கிளம்பினேன். கையில் ஜிபிஎஸ். அண்ணன் முன்னால் நடக்க, நான் பின்னால். மேட்டுக் காட்டுக்கு ஏறும் பாறைப்படிகள் கீழிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். வனத்துறை ஆட்களுக்கே அந்த வழி தெரியாது. ஊரில் அதற்குப் பெயரும் கிடையாது. 'அந்தாண்ட' என்றால் எல்லோருக்கும் புரியும். கேமுக்குப் பெயர் வேண்டுமே? நாச்சிப்படி என்று வைத்துவிட்டேன். நன்றாக இருக்கிறது.

"எல்லாத்தையும் ஏன்டி அளக்குற?" என்றான் அண்ணன்.

"விளையாட்டுக்குண்ணா."

"விளையாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறினான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கரடிச்சுனைக்குப் போனோம். கல்யாணமான புதிதில் அண்ணியைக்கூட அங்கே கூட்டிப் போகவில்லை. மூங்கில் தோப்புக்குள் திரும்பும்போதே அண்ணன் செருப்பைக் கழற்றச் சொன்னான்.

"இங்க படம் புடிக்காத."

"சரிண்ணா."

சுனையை ஒட்டி ஒரு குகை. உள்ளே பாறை கறுப்பாக, ஈரம் இல்லாமலேயே மின்னியது. ஒரு சின்னக் கல்லை எடுத்தால் கை தாழ்ந்தது, அத்தனை கனம். போனில் திசைகாட்டியைத் திறந்தேன். முள் ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை அப்படியே கேமில் வைக்க வேண்டும். அந்தக் கல்லுக்கு இரவுக்கல் என்று பெயர் வைக்கலாம். சங்கிலியை வெட்டும் ஆயுதம் அதில்தான் செய்ய முடியும்.

திரும்பும்போது மூங்கில் தோப்பருகே நான் நேராகப் போகப் பார்த்தேன். அண்ணன் தோளைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"அது செம்மண் சரிவு. மேல பச்சையாத் தெரியும், அடியில மண்ணுக்குப் பிடிப்பே கெடையாது. மழைல நாங்க ஆட்டக்கூட இந்தப் பக்கம் ஓட்டுறதில்ல."

வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், போன் பையில் இருந்தபடியே நடந்த வழியின் பதிவு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. குகை வரை. அழித்துவிடலாம். இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேட்டுக் காடு வரைக்கும் எல்லா வழிகளையும் சர்வரில் ஏற்றிவிட்டேன். குகை இன்னும் கற்பனையில் வரைந்ததுதான். அது எங்கே இருக்கிறது என்று மேப்பில் இல்லை.

கிருபாகரன் சார் வந்தார். எல்லோருக்கும் மைசூர்பாகு. என்னிடம் சாப்பிட்டீர்களா என்று மறக்காமல் கேட்டார். நாச்சி குகைக்குள் நுழைந்ததும் திசைமுள் கிறுகிறுவென்று சுற்றும் காட்சியை ரகு சார் ஆடிக் காட்டினார்.

"இது மட்டும் கற்பனை, இல்லீங்களா மேடம்?"

"இல்ல சார். நிஜமாவே சுத்தும்."

வாய்க்குக் கொண்டுபோன மைசூர்பாகை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார். "அப்படீங்களா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குகைக்குப் போற வழி மட்டும் மேப்புல காணோமே?"

"அடுத்த தடவை போறப்ப எடுத்துடறேன் சார்."

போனில் இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை, தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆடவிட்டோம். எல்லோருக்கும் பிடித்தது நாச்சியின் பொய்வழி வித்தைதான். அவள் கையை அசைத்தால் காட்டில் இல்லாத பாதை ஒன்று தெரியும். அதை நம்பிச் சங்கிலிக்காரர்கள் நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுவார்கள். பிள்ளைகள் மறுபடி மறுபடி விழ வைத்துக் கைதட்டினார்கள். அது என் யோசனை. பெனாசிர் மட்டும் முகம் சுளித்தாள்.

"விழறப்ப கத்துறாங்களே, அந்தச் சத்தத்த எடுத்துடலாமா அலமு?"

"சண்டைல சத்தம் இல்லாமலா?"

"சண்டைன்னா சரி. இவங்க வழிதான கேட்டு வர்றாங்க?"

சத்தம் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அண்ணன் கூப்பிட்டான். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிப் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி வந்து கூப்பிடுகிறான் என்றால் விஷயம் இருக்கிறது.

"யாரோ மூணு பேரு வந்திருக்கானுவ. முக்காலி மாதிரி ஒண்ண நட்டு வச்சி அளக்குறானுவ. பாறைக்கெல்லாம் வெள்ளை பூசறானுவ."

"எங்கண்ணா?"

"மேட்டுக் காட்டுல. அதான் புரியல எனக்கு. யாரையும் கேக்கல, கொள்ளல. நேரா அந்தப் பாறைப்படில ஏறிட்டானுவ. நம்ம சின்னப்பொண்ணு அக்கா மாடு மேய்ச்சிட்டு இருந்தாங்களாம். அவங்ககிட்ட ஒருத்தன், 'நாச்சிப்படி இதுதானே'ன்னு கேட்டிருக்கான். அப்படி ஒரு பேரு நம்ம மலைல ஏதுடி?"

தெரியாது என்றேன்.

மத்தியானம் மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தேன். துணி துவைத்தேன். வெயிலே இல்லை, ஒன்றும் காயவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாதேசண்ணனை அடித்துவிட்டார்கள். அண்ணன் போனில் சொன்னான்.

ஜீப் ஓட்டுகிறவர், அடிவாரத்தில் நாலு பேரோடு பழகுகிறவர், வழியை அவர்தான் விற்றிருக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. கோயில் முன்னால் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்திருக்கிறார். யாரோ ஒருவன் கட்டையால் போட்டதில் இடது கை முறிந்துவிட்டதாம். இப்போது அவர் வீட்டோடு யாரும் பேசுவதில்லை, ஜீப்பில் யாரும் ஏறுவதில்லை.

"நீயும் அங்க இருந்தியாண்ணா?"

"இருந்தேன். தடுத்திருக்கலாம். தடுக்கல. அவன்தான்டி சொல்லியிருக்கணும். வேற யாரு?" என்றான்.

பெனாசிர் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ரகு சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நான் வைத்த பெயர் எப்படி அளக்கிறவர்கள் வாயில் வந்தது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒப்பந்தத்துலயே இருக்கு அலமேலு. மேப் அவங்களுக்கும் சொந்தம். நீயும்தான் கையெழுத்துப் போட்ட. அத வச்சி அவங்க என்ன பண்ணாங்கன்னு நாம கேக்க முடியுமா?"

"ஊருல ஒருத்தர் கைய ஒடச்சிருக்காங்க சார்."

"தப்புதான். யாரு இல்லேன்னா? ஆனா யோசிச்சுப் பாரு. சாட்டிலைட்டுல எல்லாமே தெரியுது. நம்ம மேப் இல்லேன்னாலும் இரும்பு எடுக்கறவன் எடுத்துட்டுத்தான் போவான்."

"இரும்புன்னு நான் சொல்லவே இல்லையே சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பணம் நின்னா இங்க எல்லாரும் வீட்டுக்குப் போகணும். பெனாசிர் தங்கச்சிக்கு நிக்காஹ் வச்சிருக்காங்க, தெரியும்ல?" என்றார். குரலில் கோபமே இல்லை. கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் நாற்காலிக்கு வந்தேன். நாச்சியின் மேலாடைக்குக் கரை நிறம் மாற்ற வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அதை மாற்றினேன்.

அக்டோபர் 6, திங்கள்

கிருபாகரன் சார் போன் செய்தார். ஊரில் அம்மா நலமா என்று கேட்டார். நான் அவரிடம் அம்மாவைப் பற்றிப் பேசியதே இல்லை.

"குகைக்குப் போற வழி மட்டும்தான் பாக்கி மேடம். தீபாவளிக்கு முன்னாடி கெடச்சா நல்லா இருக்கும். நீங்க பிஸின்னா சொல்லுங்க, உங்க அண்ணனையே கேட்டுக்கறோம். சடையன்தானே பேரு?"

நானே தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் ஏற்றிவிட்டேன். பழைய பதிவில் ஒரு சின்ன மாறுதல் மட்டும். மூங்கில் தோப்பில் திரும்பாமல் வழி நேராகப் போகிறது. நூல் பிடித்த மாதிரி, பார்க்க நம்பும்படி இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாதை முடிந்துவிடும். முடிந்தால் திரும்பி வந்துவிடுவார்கள். மேலே எல்லாம் பச்சைதான்.

அக்டோபர் 8, புதன்

மிக்ஸி வந்துவிட்டது. தேங்காய்ச் சட்னி அரைத்தேன். பெனாசிர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

சேலம், தருமபுரிப் பக்கம் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். குடை வாங்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

இரண்டு நாளாக வேலையில் மனம் நிற்கவில்லை. இன்று மதியம் சர்வரைத் திறந்து அந்த வழியை அழித்தேன். திறந்து பார்த்தவர்கள் யார் என்று அதிலேயே காட்டும். கிருபாகரன் சாரின் ஆட்கள் திங்கட்கிழமையே எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. பாறை மேல் ஏறியிருக்க மாட்டான். மழையில் யார் ஏறுவார்கள்?

அக்டோபர் 17, வெள்ளி

காலை ஏழு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"அந்த அளக்குற ஆளுங்க நேத்து ஏறுனாங்கடி. மூணு பேரு. இன்னும் எறங்கல. அவங்க வண்டி அடிவாரத்துல அப்படியே நிக்குதாம்."

"யாராவது தேடப் போனீங்களா?"

"யாரு போவா? 'வழி தெரிஞ்சவங்கதான, அவங்களே வரட்டும்'னு உக்காந்திருக்காங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. ஆனா எந்தப் பக்கம்னு போறது? அவ்ளோ பெரிய காடு."

மழைச் சத்தம் போனுக்குள் இரைந்துகொண்டிருந்தது.

"செம்மண் சரிவுல பாருண்ணா."

"அங்க எதுக்குப் போவாங்க? அங்க வழியே கெடையாதே."

"பாருண்ணா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன்."

"என்னாத்தப் போட்ட?"

"வழிய. இப்பப் போட்ட பொய்யும் நான்தான். முன்ன போட்ட நெஜமும் நான்தான். மாதேசண்ணன் இல்லண்ணா."

அப்புறம் லைன் போய்விட்டது. சிக்னல் போனதா, அவன் வைத்துவிட்டானா, தெரியாது.

பெனாசிர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் பையில் துணிகளைத் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, கையில் கொடுத்தாள். வாசல் வரை வந்து, "நானும் வரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் இதை எழுதுகிறேன். சங்ககிரி தாண்டிவிட்டது.

அக்டோபர் 18, சனி

நேற்று ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு எழுத முடியவில்லை.

அடிவாரத்தில் இறங்கியபோது ஜீப் இல்லை. மழையில் நடந்தே ஏறினேன். ஊர் போய்ச் சேரும்போது கோயில் முன்னால் கூட்டம். இரண்டு பேரைக் கம்பளி போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். முகமெல்லாம் சிவப்புச் சேறு. உண்ணிப் புதரில் மாட்டிக்கொண்டதால் பிழைத்தவர்கள். மூன்றாவது ஆள் பெரியசாமி. அளக்கும் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூலியாள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பள்ளம் வரைக்கும் போயிருக்கிறார். இடுப்பு வரை மண் மூடி, ஒரு கால் பாறைக்கு அடியில்.

நான் சொன்ன இடத்தைக் கேட்டதும் அண்ணன் நேராக மாதேசண்ணன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். பள்ளத்தில் இறங்கும் அளவுக்கு நீளமான கயிறு மலையில் இருப்பது அவர் ஜீப்பில் மட்டும்தான். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கட்டுப் போட்ட கையோடு மாதேசண்ணன் வந்திருக்கிறார். ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துப் பள்ளத்தில் இறங்கியவரும் அவர்தான். பின்னாலேயே ஊர் ஆண்கள் போயிருக்கிறார்கள். பெரியசாமியை மூங்கிலில் கட்டிய துணித் தொட்டிலில் தூக்கி வந்ததை நான் பார்த்தேன். அவர் கத்தவில்லை. 'ம், ம்' என்று மட்டும் மெதுவாக முனகிக்கொண்டிருந்தார்.

ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கரடிச்சுனைக்குப் போகும்போதே போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். இந்த டைரியில்கூட அதை மறைத்துத்தான் எழுதியிருந்தேன். முடித்ததும் அம்மா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

"மாதேசா, நீ என்னா சொல்ற?" என்றார் கவுண்டர்.

மாதேசண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "என் கைய ஒடச்சவங்க மொதல்ல என்னாண்ட வந்து பேசட்டும். இவள நான் என்னா சொல்ல? இவ பொறந்தன்னிக்கி ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டாந்ததே என் ஜீப்புலதான்" என்றார்.

பிறகு கவுண்டர் சொன்னார்: "இவ இந்த மலைப் புள்ள. வராதன்னு சொல்ல முடியாது. வரட்டும், சோறு தின்னட்டும். ஆனா வழியப் பத்தி இனிமே யாரும் இவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஜீப் கிளம்பும்போது அடிபட்டவருக்குத் துணையாக யாராவது ஏற வேண்டியிருந்தது. நான் ஏறினேன். அண்ணன் பின்கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆஸ்பத்திரி. நாளைக்குத் தீபாவளி. ஜன்னலுக்கு வெளியே இப்போதே வெடிக்கிறார்கள்.

பெரியசாமியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். அவர் மனைவி ஆத்தூரில் இருந்து வந்திருக்கிறார், பாப்பாத்தி என்று பெயர். வந்ததில் இருந்து யாரையும் திட்டவில்லை, அழவும் இல்லை. தலையணையைச் சரிசெய்வதும் ஈ ஓட்டுவதுமாக இருக்கிறார்.

காலையில் கிருபாகரன் சார் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மேப்புல சின்னத் தப்பு ஆயிடுச்சு போல மேடம்."

"தப்பு இல்ல சார். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "பரவாயில்ல மேடம். ஒரு விதத்துல நல்லதுதான். சரிவு விழுந்துச்சு பாருங்க, அடியில பாறை முழுசாத் தெரியுதாம். நம்ம பசங்க சட்டைப் பைல கல்லோடதான் வந்திருக்காங்க. அதே கறுப்புக் கல்லு. இனி குகை வரைக்கும் போகவே வேண்டாம். தை மாசம் வேற டீம் வரும்." பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

அவர் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மாதேசண்ணன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"தை மாசமா?" என்றார்.

"ஆமாண்ணா."

"சடையன்கிட்டச் சொல்லணும்." எழுந்து, ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "நீயும் யார் யார்கிட்டச் சொல்லணுமோ சொல்லு" என்றார்.

உள்ளே போனேன். பெரியசாமி கண் விழித்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"தாயி, நீங்கதான் வழி சொன்னீங்களாமே? எடத்த நீங்க கரெக்டா சொல்லலேன்னா மண்ணுக்குள்ளயே போயிருப்பேன்னு சொன்னாங்க. நல்லா இருக்கணும் நீங்க."

பாப்பாத்தியம்மா பிளாஸ்கில் இருந்து டீயை டம்ளரில் ஊற்றி என் பக்கம் நீட்டினார். "குடி கண்ணு. நேத்துலேர்ந்து நீ ஒண்ணுமே சாப்பிடல."

"அந்தச் சரிவுக்கு உங்களப் போகவச்ச வழியும் நான்தாங்க போட்டேன்" என்றேன். "வேணும்னே போட்டேன்."

வெளியே ஒரு சரவெடி வெடித்து ஓய்ந்தது. பாப்பாத்தியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டம்ளரில் டீ தளும்பிக்கொண்டிருந்தது.